வரைபடத்துக்கு விலக்கு வேண்டாம்

ஜனவரி 8, வியாழன்

காலையில் பனி. ஒன்பது மணி வரை எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. பனியா, என் கண்ணா என்று யாரையும் கேட்கவில்லை.

முதலில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவள் அல்ல. என் கணவரின் தங்கை ஸ்டெல்லா, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்: “எங்க அண்ணி அந்தக் காலத்துல கணக்குல பெயிலு. அதான் இந்த வயசுல மறுபடி எழுதறாங்க.”

பெயில் இல்லை. எழுதவே இல்லை. கிருஷ்ணகிரியில் கான்வென்ட் ஹாஸ்டல், வகுப்பில் எப்போதும் முதல் வரிசை. தேர்வுக்குச் சில வாரம் முன்னால் அப்பா வந்து அழைத்துப்போனார். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தவக்காலம் முடிந்தால் மாங்காய் சீசன். மண்டியை விட்டு அவர் நகர முடியாது. இரண்டுக்கும் முன்னால் என்னைக் கட்டிக்கொடுத்தாக வேண்டும். கொடுத்தார். கதை அவ்வளவுதான்.

எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் பூஜ்யம் அல்ல. மதிப்பெண்ணே கிடையாது. 1/x-இல் x பூஜ்யமானால் விடை பூஜ்யம் என்று எழுதினால் இப்போது போகும் வகுப்பில் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். அங்கே விடை என்ற ஒன்று இல்லை. ஸ்டெல்லாவுக்கு இதை விளக்கப் போவதில்லை.

வாங்க வேண்டியவை: வரைபடத்தாள், கறுப்பு மார்க்கர் (தடித்தது), கண் சொட்டு மருந்து, குக்கர் வளையம்.

ஜனவரி 9, வெள்ளி

வகுப்பு. பாகலூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை. படிக்கட்டில் கைப்பிடி இல்லை. கவிதா டீச்சர் விருதுநகர்ப் பெண். தனித்தேர்வர்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துகிறாள். வருபவர்கள் எல்லோரும் கம்பெனிப் பெண்கள். பத்தாவது சான்றிதழ் இருந்தால்தான் நிரந்தரமாக்குவார்களாம். ஏ ஷிஃப்ட் முடிந்து, சீருடையோடு, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக. நான் மட்டும் புடவை.

இன்று சார்பு. டீச்சர் அம்புக்குறிப் படம் போட்டாள். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் ஏ, பி, சி என மூன்று ஷிஃப்ட். “ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஷிஃப்ட். ஒரு ஷிஃப்டுல அம்பது பேரு இருக்கலாம், தப்பில்ல. ஆனா ஒருத்தருகிட்டருந்து ரெண்டு அம்பு கிளம்பக் கூடாது. அம்புட்டுதான் சார்பு.”

மஞ்சுளா கையைத் தூக்கினாள். தளி பக்கம், வீட்டில் தெலுங்கு. ஹாஸ்டலில் தங்கி, உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. “எங்க சூப்பர்வைசர் ஒரே ஆளுக்கு ஏ-வும் போட்டு பி-யும் போடறாரே மேடம், அப்ப?”

“அப்ப அது சார்பு இல்ல.”

“அவரு மனுசனே இல்லீங்க மேடம்.”

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு, வகுப்பில் கூச்சல் போடக் கூடாது என்று சொன்னேன்.

அம்பு கிளம்பும் பக்கம் மதிப்பகம், போய்ச் சேரும் பக்கம் துணை மதிப்பகம், அதில் அம்பு தொட்டவை மட்டும் வீச்சகம். ஓர் அம்பு கிளம்பும் இடம் முன் உரு, சேரும் இடம் நிழல் உரு. நல்ல சொற்கள். எங்கள் கான்வென்ட்டில் பெண்களுக்கு எண்கணிதமும் தையலும் மட்டும். வரைபடமெல்லாம் தெருவைக் கடந்தால் இருந்த ஆண்கள் பள்ளியில். ஒருமுறை நான் கேட்டதற்கு சிஸ்டர், “ஊசி பிடிக்கிற கைக்கு அது எதுக்கு?” என்றார். இத்தனை வருடம் கழித்தும் அதற்குப் பதில் யோசிக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

குளிர். விரல் மூட்டெல்லாம் வலி. ரேஷன் கடை மூடியிருந்தது, வீணாக நடந்தேன்.

வீட்டுப்பாடம்: y = x² − 2x − 3. x = −2க்கு −3 என்று போட்டு வரைந்தேன். பரவளையத்தின் இடது கை வாதம் வந்ததுபோல் கீழே தொங்கியது. மறுபடி பார்த்தால் (−2)² என்பதை −4 ஆக்கியிருக்கிறேன். 4 என்று திருத்தியதும் விடை 5. கை மேலே போயிற்று. இதில் ஒரு சந்தோஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். காபி ஆறிப்போனது தெரியவில்லை.

வகுப்பில் மஞ்சுளா அதே கணக்கைப் போட்டாள். புள்ளி எல்லாம் சரி. ஆனால் ஸ்கேல் வைத்து, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு. டீச்சர் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

“என்ன மஞ்சுளா, கூரை போட்டு வெச்சிருக்க?”

“புள்ளி கரெக்ட்தானுங்க மேடம்?”

“புள்ளி கரெக்ட். கோடு தப்பு. கையாலயே வளைச்சுக் கொண்டு போகணும்.”

“எங்க லைன்ல இப்பிடித்தாங்க. அரை மணிக்கு ஒருக்கா பீஸ் எடுத்து அளப்போம், சார்ட்ல புள்ளி வெப்போம், ஸ்கேல் வெச்சு சேப்போம். வளைச்சுப் போட்டா குவாலிட்டி சார் கத்துவாரு. ‘நடுவுல நீ போயி அளந்தியா?’ம்பாரு.”

“இது கம்பெனி சார்ட் இல்ல. இங்க நடுவுல இருக்கறதயும் விதியே சொல்லிரும்.”

மஞ்சுளா தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கையும் ஸ்கேல் வைத்தே போட்டாள். மற்ற பெண்களும் அப்படியே. கை பழகிவிட்டது. பொறுக்காமல் நான் சொன்னேன்: “அந்த ஸ்கேல இனிமே இங்க கொண்டு வராத. வந்தா ஒடச்சுப் போட்டுருவேன்.”

“எங்க ஹாஸ்டல் வார்டனுக்கு அக்கா போல நீங்க” என்றாள். மறுபடி சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. வெகுநேரம் காத்திருப்பு. கண் அழுத்தம் குறையவில்லை. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பரிசோதனை. பல சமயம் தெரிந்ததா, தெரிந்ததுபோல் இருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாதபோது அழுத்தவில்லை.

டாக்டர் சின்னப் பையன். கணினியைத் திருப்பிக் காட்டினான். கீழே பரிசோதனை செய்த நாட்கள், பக்கத்தில் பார்வை. இதுவரை எடுத்த புள்ளிகள்; கடைசிப் புள்ளியிலிருந்து புள்ளிக்கோடாக ஒரு சரிவு, தரை வரைக்கும்.

“இந்தப் புள்ளிக்கோட்டை யார் போட்டது?”

“மெஷினே போட்டுரும்மா.”

“அந்த நாட்கள் இன்னும் வரவில்லையே. மதிப்பகத்துக்கு வெளியே எப்படிக் கோடு போகலாம்?”

என்னைப் பார்த்தான். “நீங்க டீச்சரா இருந்தீங்களாம்மா?”

“இல்லை.”

சான்றிதழ் எழுதிக் கொடுத்தான். பார்வைக் குறைபாடு. அதைக் காட்டினால் தேர்வில் கேள்வித்தாளைப் படித்துக்காட்டவும் நான் சொல்வதை எழுதவும் ஓர் ஆள் தருவார்களாம். வரும் வழியில் ஆட்டோக்காரன் கன்னடத்தில் யாரிடமோ போனில் சண்டை. இறங்கும் இடத்தைத் தாண்டிவிட்டோம். எனக்கும் தெரியவில்லை.

ஜனவரி 14, புதன். போகி

தெருவில் டயர் எரிக்கிறார்கள். ஜன்னல் மூடியே இருந்தது.

சான்றிதழ் கிடைத்ததைச் சொல்லியிருந்தேன், கவிதா டீச்சர் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “மேடம், சர்டிபிகேட் குடுத்தா நேரமும் கூடக் கிடைக்கும், எழுத ஆளும் கிடைக்கும். அதவிட முக்கியம், வரைபடக் கேள்விக்கு விலக்கு! அதுக்குப் பதிலா வேற கேள்வி. நீங்க பாஸ்னு இப்பவே எழுதி வெச்சுக்கலாம்.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெகுநேரம் நாற்காலியிலேயே. வரைபடம் இல்லாத கணக்கு எனக்குத் தெரியும். எண்கணிதம். அதை அப்போதே முடித்துவிட்டேன். நான் இந்தக் கைப்பிடியில்லாத படிக்கட்டில் ஏறியது மற்றதற்காக. அதைத்தான் கழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள்.

சான்றிதழ் கொடுத்தால் வரைபடம் இல்லை. கொடுக்காவிட்டால் கேள்வித்தாளைப் படிக்க முடியாது.

ஜனவரி 18, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் நீளம், விஷயம் இல்லை.

மதியம் ஸ்டெல்லா. அவர்கள் பக்கம் சங்கராந்திக்குக் கொடுக்கும் எள்ளு-வெல்லம் ஒரு பொட்டலம், கரும்பு ஒரு துண்டு. விலக்கு வேண்டாம் என்று நேற்றுதான் டீச்சரிடம் போனில் சொன்னேன், அது அதற்குள் இவள் காதுக்கு எட்டியிருக்கிறது. கவிதா டீச்சருக்கும் வாய் நிற்காது.

“சும்மா குடுக்கற மார்க்க வேணாங்கறீங்களாமே அண்ணி?”

“சும்மா கொடுப்பதை நான் எப்போது வாங்கினேன்?”

“அண்ணன் இருந்தா தலையில அடிச்சிப்பாரு. பாஸ் பண்ணி என்ன கலெக்டராவா ஆகப் போறீங்க? கண்ணுக்குத் தெரியற வரைக்கும் நல்லதா நாலு எடம் பாத்துட்டு வாங்க. வேளாங்கண்ணி கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னதில் தவறும் இல்லை. அதனால்தான் கோபம். கரும்பை அவளிடமே கொடுத்தனுப்பினேன், பல்லுக்கு ஆகாது என்று. எள்ளு-வெல்லம் நன்றாக இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

கட்டத்தாளின் இளம்பச்சைக் கோடுகள் இன்று சுத்தமாக இல்லை. தாள் வெறும் வெள்ளை. விளக்கைப் பக்கத்தில் இழுத்தும் பயனில்லை. விரலால் தடவினால் அச்சடித்த கோடு தெரியாது, தட்டை.

தையல் பெட்டியை எடுத்தேன். மெல்லிய ஊசி, காது தெரியவில்லை, கோத்துக் கொடுக்க மேல்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். பழைய அட்டை ஒன்றின் ஓரத்தில், சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு அவளையே போடச் சொன்னேன். அவ்வளவுதான் உதவி, பிறகு அனுப்பிவிட்டேன். அட்டையைத் தாளின் விளிம்போடு சேர்த்து, வெட்டுகளை விரலால் எண்ணி, முதலில் x அச்சு, y அச்சு இரண்டையும் தையலாகப் போட்டேன். பிறகு ஏழு புள்ளிகளுக்கு ஏழு முடிச்சு. (−2, 5), (−1, 0), (0, −3), (1, −4), (2, −3), (3, 0), (4, 5). நூலை முடிச்சுக்கு முடிச்சு இழுத்துக் கட்டினேன்.

கண்ணை மூடித் தடவினால் இறங்குகிறது, திரும்புகிறது, ஏறுகிறது. இரண்டு தாள் கிழிந்தது. மூன்றாவது நின்றது.

சாப்பாடு: காலை இட்லி இரண்டு மீதி.

ஜனவரி 21, புதன்

காலையில் மறுபடி தடவினேன். வெட்கமாகப் போயிற்று. அது வளைவே இல்லை. மஞ்சுளாவின் கூரை. நூல் இழுத்துக் கட்டினால் முடிச்சுக்கு நடுவில் நேராகத்தானே போகும்.

சரி, நடுவில் என்ன இருக்கிறது? x = ½ போட்டுப் பார்த்தேன். கால், அதிலிருந்து ஒன்று, பிறகு மூன்று. −3.75. நூல் அந்த இடத்தில் −3.5இல் போகிறது. கால் சென்டிமீட்டர் வித்தியாசம், விரலுக்குத் தெரிகிறது. அங்கே ஒரு முடிச்சு போட்டு நூலைக் கீழே இழுத்தேன். x = 1½க்கும் −3.75. அந்தப் பக்கமும் ஒரு முடிச்சு. அடிப்பக்கம் உருண்டது, சட்டியின் அடிபோல.

அரைக்கு நடுவில் கால். காலுக்கு நடுவில் அரைக்கால். எத்தனை முடிச்சு போட்டாலும் இரண்டு முடிச்சுக்கு நடுவில் கொஞ்சம் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தில் எந்த x கேட்டாலும் விடை தயார். நான் போய் முடிச்சு போட்டதால் அது அங்கே வரவில்லை. ஏற்கெனவே இருக்கிறது. இதைத்தான் டீச்சர் “நடுவுல இருக்கறதயும் விதியே சொல்லிரும்” என்றாள். பன்னிரண்டாம் தேதி எழுதிக்கொண்டேன், இன்றுதான் புரிந்தது. ஊசி பிடித்த கைக்கு.

மஞ்சுளாவின் சார்ட்டில் இப்படி ஒரு விதி கிடையாது. அளக்காத அரை மணியில் இயந்திரம் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே ஸ்கேல், இங்கே கூடாது. வகுப்பில் நான் இப்படிச் சொல்லியிருக்கலாம். உடைப்பேன் என்றதற்குப் பதில்.

டாக்டர் காட்டிய கோடும் அந்த ரகம்தான். சில புள்ளிகள், பின்னால் விதி இல்லை. இதில் ஏதாவது ஆறுதல் இருக்கிறதா என்று மதியம் முழுக்கத் தேடினேன். இல்லை. விதி இருக்கிறதோ இல்லையோ, புள்ளிகள் எல்லாம் இறங்கித்தான் இருக்கின்றன.

ஜனவரி 23, வெள்ளி

நூல் வரைபடத்தை அட்டைக்கு நடுவில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். கவிதா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். “அய்யோ மேடம். அடிப்புள்ளி கையில தட்டுது!” பெண்கள் எல்லோரும் வாங்கித் தடவினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா மேடம், இத பரீட்சையில வெச்சா வம்பு. விடைத்தாள்ல பேர், சாமி பேர், ஸ்டாம்ப், எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. திருத்தறவங்களுக்கு இன்னார் பேப்பர்னு காட்டறதுக்காக நூல் தச்சிருக்காங்கன்னு எழுதிட்டா மொத்தப் பேப்பரும் போச்சு.”

“ஒரு பரவளையத்தைப் பார்த்து என் பெயர் எப்படித் தெரியும்?”

“எனக்குப் புரியுது மேடம். அவங்களுக்குப் புரியணுமே.”

மஞ்சுளா இல்லை. அவளோடு தங்கியிருக்கும் பெண்ணைக் கேட்டேன். “அவள பி ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க மேடம். வகுப்பு நேரத்துலதான் வேலை, இனிமே வரமாட்டா. பரீட்சைக்கு லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசரு, வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயி பரீட்சை எழுதுன்னுட்டாரு. புக்கு யாருக்காச்சும் வேணுமான்னு கேக்கச் சொன்னா.”

ஸ்கேலைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் கண்டுபிடித்ததை அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தை கோத்துக்கொண்டு வந்திருந்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

படியிறங்கும்போது கடைசிப் படி இல்லை என்று நினைத்துக் கால் வைத்தேன். இருந்தது. விழவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

தேர்வு அலுவலகத்துக்குப் போன். காலையிலிருந்து முயன்று மதியம் எடுத்தார்கள்.

“கண்ணு தெரியாதவங்களுக்கு கிராஃப் கிடையாதும்மா.”

“தெரியும். எனக்கு அது வேண்டும். கேள்வித்தாளைப் படிக்க மட்டும் ஆள் வேண்டும். வரைபடத்தை நானே போடுவேன்.”

“அதுக்குப் பதிலா வேற கேள்வி குடுப்போம். ஈஸியா இருக்கும்.”

“ஈஸியான கேள்வி நான் கேட்கவில்லை.”

“அப்ப சர்டிபிகேட் வெக்காதீங்க. எல்லாரையும் மாதிரி எழுதுங்க.”

“கேள்வித்தாளைப் படிக்க முடியாதே.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்.” பின்னால் யாரிடமோ: “ஒரு பெரியம்மா, கிராஃப் வேணும்னு அடம்.” அங்கே சிரிப்பு. “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. ஒரு வாய்ப்புதான்.”

“இதை எழுத்தில் தருவீர்களா?”

“இதெல்லாம் எதுக்கும்மா எழுத்துல?” வைத்துவிட்டான்.

ஒரு முன் உருவிலிருந்து இரண்டு அம்பு கிளம்பக் கூடாது. சரி. அவன் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டான். நியாயம்தான். ஆனால் இரண்டு அம்பும் சேர்ந்தால்தான் நான்.

குக்கர் வளையம் இன்னும் வாங்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. படிக்கட்டை நினைத்து. முதல் முறை.

பாலை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். வலது கண்ணில் ஓரம் இல்லை. நடுவில் மட்டும் ஒரு வட்டம். இந்தப் பக்கத்தையே மார்க்கரில் எழுதுகிறேன். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருக்கலாம்.

கவிதா டீச்சர் போன். “விட்டுருங்க மேடம். விலக்கு வாங்கிக்கோங்க. பாஸாயிருங்க. பெறகு நாம சும்மா வரைஞ்சு பாப்போம்.”

“சும்மாவா?”

அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கப் போகிறேன் என்றேன். “எழுதிக் கேட்டாலும் பதில் வராது மேடம். வந்தாலும் பரீட்சை முடிஞ்சப்புறம்தான் வரும்” என்றாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இதுவரை அவள் சொன்ன எதுவும் தப்பாகவில்லை.

நூல் வரைபடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

வெயில். மேல்வீட்டுப் பெண் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றாள். ஒப்புகைச் சீட்டோடு அனுப்பச் சொன்னேன். தேர்வு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியதன் பிரதி, எனக்காக:

ஐயா,

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வுக்கு விண்ணப்பித்துள்ள தனித்தேர்வர் நான். மருத்துவச் சான்றிதழ் இணைத்துள்ளேன். கேள்வித்தாளைப் படித்துக்காட்ட ஓர் ஆள் தேவை. வரைபடக் கேள்விக்கு விலக்கு தேவையில்லை.

வரைபடத்தாளில் ஊசியும் நூலும் கொண்டு நானே வரைவேன். அதை அடையாளக் குறியாகக் கருதுவீர்கள் என்று சொல்கிறார்கள். விடைத்தாளின் முகப்பை நூலால் தைத்துத்தான் தருகிறீர்கள். வரைபடத்தாளை விடைத்தாளோடு கட்டவும் வெள்ளை நூல் தருகிறீர்கள். அதே வெள்ளை நூலையே நானும் பயன்படுத்துவேன். வேறு நிறம் இருக்காது.

நேர்கோடுகளாகத் தெரிந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். வளைவாக இருந்தால் உரியதைத் தர வேண்டும்.

அடுத்த தேர்வு வரை என்னால் காத்திருக்க இயலாது. தொலைபேசியில் கேட்டுவிட்டேன்; அது போதாது. அனுமதி உண்டு என்றோ இல்லை என்றோ, தேர்வுக்கு முன்பாக, கையொப்பமிட்டு எழுத்தில் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது.